எண்ணெய் நாட்டுப் பயணமும் பாதுகாப்பும்



மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியா என்றொரு நாடு இருக்கிறது. 20 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நாடு. ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே மக்கள்தொகை மிகுந்த நாடு அதுதான். அங்கே நிலத்தடியிலும் கடலடியிலும் பெட்ரோலியம் கிடைக்கிறது. அதை எடுக்கும் வேலைக்காகப் பல நாடுகளிலிருந்தும் பொறியாளர்களும் வெல்டர்களும் துளையிடும் தொழிலாளர்களும் கணக்கர்களும் போய் வருகிறார்கள். அப்படிப் போகிறவர்களை, அனுப்புகிற நிறுவனங்கள் எவ்வாறு காக்கின்றன, அந்தக் காவல் எவற்றால் ஆனது, எந்த இடத்தில் அது பிய்ந்து போகிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேச இருக்கிறோம்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். அக்கறை உண்டு. நம் தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்பயிற்சி முடித்து, கெர்த்தேயிலோ மீரியிலோ லாபுவானிலோ சில ஆண்டுகள் எண்ணெய்த் தொழிலில் பழகிக்கொண்டு, பிறகு ஒப்பந்தக்காரர்கள் மூலம் வெளிநாட்டுக்குப் போகிறார்கள். போகுமுன் ஒப்பந்தத் தாளை எடுத்துக்கொண்டு நம்மிடம் வருகிறார்கள், படித்துப் பொருள் சொல்லும்படி. சம்பளம் எத்தனை வெள்ளி என்பதை யாரும் சொல்லாமலே அவர்கள் படித்துக்கொள்வார்கள். மற்றதைத்தான் படிப்பதில்லை.

முதலில் அந்த நிலத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். நைஜர் என்பது பெரிய ஆறு. கடலில் கலக்குமுன் அது பற்பல கிளைகளாகப் பிரிந்து, கண்டல் காட்டுக்கும் சேற்று நிலத்துக்கும் நடுவே வலைபோல் பின்னிக்கொண்டு ஓடுகிறது. 1885ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இந்தக் கரையைத் தம் பாதுகாப்பில் கொண்டுவந்தபோது, அதற்கு 'எண்ணெய் ஆறுகள்' என்று பெயரிட்டார்கள். அப்போது அங்கே பெட்ரோலியம் கண்டுபிடிக்கப்படவில்லை. அவர்கள் சொன்ன எண்ணெய் செம்பனை எண்ணெய்! ஆம் நேயர்களே, நம் லயங்களைச் சுற்றி நிற்கும் செம்பனைக்கு மேற்கு ஆப்பிரிக்காதான் தாய்வீடு. 1848இல் ஜாவாவின் போகோர் தோட்டத்தில் நடப்பட்ட நான்கு கன்றுகளின் வழிவந்த மரம், 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் முதன்முதலாக வாணிபப் பயிராக நடப்பட்டது. ஆகவே அந்த மண்ணை முற்றிலும் அந்நியமாக நினைக்க வேண்டியதில்லை.

பெட்ரோலியம் 1956இல் ஒலோய்பிரி என்ற சிற்றூரில் கிடைத்தது. 1958இல் ஏற்றுமதி தொடங்கியது. போர்ட் ஹார்கோர்ட் என்னும் துறைமுக நகரம் எண்ணெய்த் தொழிலின் தலைநகராக வளர்ந்தது. 1967 முதல் 1970 வரை நடந்த உள்நாட்டுப் போருக்கு இனப்பகையோடு எண்ணெயும் ஒரு காரணம். போர் முடிந்தது, எண்ணெய் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் குழாய் போகும் ஊர்களில் நடந்தது வேறு கதை. குழாய்கள் கசிந்தன. சிலர் திருட்டுத்தனமாகக் குழாயை வெட்டினார்கள், அதிலும் கசிந்தது. மீன் செத்தது. வயல் கருகியது. எரிவாயுவைக் கொளுத்தும் சுடர் இரவு முழுவதும் வானத்தைச் சிவக்க வைக்க, அதன் அருகிலேயே உள்ள வீடுகளில் மின்விளக்கு இல்லை. ஒகோனி மக்களுக்காகப் பேசிய எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் அவருடன் எட்டுப் பேரையும் இராணுவ அரசு 1995 நவம்பர் 10ஆம் நாள் தூக்கிலிட்டது. 2011இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு ஒகோனி நிலத்தை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. ஓர் ஊரில் மக்கள் குடித்த கிணற்று நீரில், உலக நலவாழ்வு நிறுவனம் ஏற்கும் அளவைப்போல் 900 மடங்குக்கு மேல் பென்சீன் என்னும் நஞ்சு கலந்திருந்தது. அந்தப் பகுதியைத் துப்புரவாக்க 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்றும் அந்த அறிக்கை கூறியது.

பாதுகாப்பைப் பற்றிப் பேச வந்தவர்கள் இதையெல்லாம் ஏன் சொல்கிறோம்? நிறுவனத்தின் பெயர் எழுதிய வண்டியில் ஒருவன் அந்த ஊர் வழியே போகும்போது, சாலையோரத்தில் நிற்பவர் கண்ணுக்கு அவன் நம் ஊர் முனியாண்டியின் மகன் என்று தெரியாது. அவன் அந்த நிறுவனமாகவே தெரிவான். கிணற்றைக் கெடுத்த நிறுவனமாகத் தெரிவான். பணம் உள்ள நிறுவனமாகவும் தெரிவான். இந்த இரண்டும் சேர்ந்துதான் ஆட்கடத்தலைப் பெரிய தொழிலாக வளர்த்தன.

2006 ஜனவரியில் கடலோர எண்ணெய் வயல் ஒன்றிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நால்வரை ஆயுதக் குழுவினர் படகில் கொண்டுபோனார்கள். ஏறத்தாழ 19 நாட்கள் கழித்து விட்டார்கள். 'மென்ட்' என்று தன்னை அழைத்துக்கொண்ட அந்த இயக்கம், எண்ணெய் வருவாயில் கழிமுக மக்களுக்குப் பங்கு கேட்டது. அடுத்த மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கணக்கானோர் கடத்தப்பட்டார்கள். கொள்கைக்காகக் கடத்தியவர் யார், கூலிக்காகக் கடத்தியவர் யார் என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் கலந்துவிட்டன. 2009இல் அதிபர் யார்அதுவா பொது மன்னிப்பு அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் ஆயுதத்தை ஒப்படைத்தார்கள். கழிமுகத்தில் சூடு தணிந்தது. ஆட்கடத்தல் என்ற தொழில் மட்டும் வேறு பகுதிகளுக்கும் பரவி, அங்கே உள்ளூர்க்காரர்களையே பிடித்துக்கொண்டது. இதை மனத்தில் வையுங்கள்: நைஜீரியாவில் கடத்தப்படுகிறவர்களில் பெரும்பாலோர் நைஜீரியரே. வெளிநாட்டவரின் செய்திதான் வெளிநாட்டுச் செய்தித்தாளில் வருகிறது.

இனிப் பயணத்துக்கு வருவோம். ஆபத்து எங்கே தொடங்குகிறது? காட்டிலே என்று நினைக்கிறோம். நிறுவனங்களின் பாதுகாப்பு அலுவலர்கள் விமான நிலையத்திலே என்பார்கள். லாகோஸ் விமான நிலையத்தைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த ஒரு தந்திரம் உண்டு. வரவேற்க வந்தவர் பயணியின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் அட்டையில் எழுதித் தூக்கிப் பிடித்திருப்பார். அதை ஒருவன் பார்த்துக்கொண்டு, அதே பெயரை வேறொரு அட்டையில் எழுதி, இரண்டடி முன்னால் போய் நின்றுகொள்வான். பன்னிரண்டு மணி நேரம் பறந்து களைத்து வந்தவர், தம் பெயரைக் கண்டதும் மகிழ்ந்துபோய்ப் பெட்டியைக் கொடுத்துவிட்டு அவன் பின்னால் நடப்பார். அப்புறம் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குக் கண்டுபிடித்த மருந்து எளியது. அட்டையில் பெயர் எழுதுவதையே நிறுத்தினார்கள். பயணி புறப்படுமுன்பே, வரவேற்பவரின் பெயரும் புகைப்படமும் தொலைபேசி எண்ணும் அவருக்கு வந்துவிடும். இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சொல்லும் இருக்கும். அந்தச் சொல்லை வரவேற்பவர் சொல்ல வேண்டும். பயணி சொல்லிக் கொடுக்கக் கூடாது. "நீங்கள்தானே இன்னார்?" என்று கேட்டால் யாரும் "ஆமாம்" என்று சொல்லிவிடலாமே! "உங்கள் பெயர் என்ன? நீங்கள் யாரை அழைத்துப்போக வந்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். சொல் பொருந்தாவிட்டால் விமான நிலையக் கட்டடத்தை விட்டு வெளியே வராமல், கொடுத்த எண்ணுக்குப் பேச வேண்டும். இவ்வளவுதான். துப்பாக்கி இல்லை, இரும்புக் கதவு இல்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்துவிடலாம். நம் பள்ளியில், பிள்ளையை அழைத்துப்போக முன்பின் தெரியாத ஆள் வந்தால் நாம் செய்வதும் இதுவேதான்.

அடுத்தது வண்டி. எண்ணெய்த் தொழிலில் பயணத்தை நடத்துவதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. வண்டி கிளம்புமுன் ஒரு தாளில் எழுத வேண்டும்: எங்கிருந்து எங்கே, எந்தப் பாதை, எத்தனை மணிக்குப் புறப்பாடு, எத்தனை மணிக்குச் சேருவது, வண்டியில் யார் யார், நடுவழியில் எங்கெங்கே நின்று தகவல் சொல்வது. பொறுப்பாளர் ஒருவர் அந்தப் பயணம் உண்மையிலேயே தேவையா என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். தொலைபேசியிலே பேசித் தீர்க்கக்கூடிய வேலைக்கு ஆளை அனுப்பக் கூடாது. இருட்டிய பிறகு சாலைப் பயணம் கூடாது. சேர வேண்டிய நேரத்துக்குத் தகவல் வராவிட்டால் இத்தனை நிமிடத்தில் தேடத் தொடங்க வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கும். தேடத் தொடங்குகிற நிமிடம்தான் இதில் உயிர். வண்டி போகவில்லை என்பது மாலையில் தெரிந்தால் ஒரு விதம். மறுநாள் காலையில் தெரிந்தால் வேறு விதம்.

வண்டி எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. குண்டு துளைக்காத பெரிய கார், முன்னும் பின்னும் காவல் வண்டி, ஊதல் ஒலி என்று போக வேண்டும் என்பது ஒன்று. உள்ளூரில் எல்லாரும் வைத்திருக்கும் சாதாரணக் காரில், கூட்டத்தோடு கூட்டமாகப் போக வேண்டும் என்பது மற்றொன்று. நைஜீரியச் சட்டப்படி தனியார் காவல் நிறுவனத்தார் துப்பாக்கி ஏந்தக் கூடாது. ஆகவே ஆயுதம் ஏந்திய துணை வேண்டுமானால் அரசாங்கப் போலீசாரையோ இராணுவத்தையோதான் நிறுவனங்கள் நாடி வந்திருக்கின்றன. துணை வருகிறவர்களைப் பார்த்துத் தாக்க வருகிறவன் ஒதுங்குவதும் உண்டு. "இதோ போகிறது விலை உயர்ந்த சரக்கு" என்று அதுவே அவனுக்கு அடையாளம் காட்டுவதும் உண்டு. முதல் தோட்டா அந்தப் போலீஸ்காரர் மேல்தான் பாயும் என்பதையும் மறக்கக் கூடாது. நம் கருத்தைக் கேட்டால், ஊதல் ஒலியில் நமக்கு நம்பிக்கை குறைவு. ஆனாலும் சில சாலைகளில் துணையின்றிப் போவது மடமை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதனால்தான் பல நிறுவனங்கள் அத்தகைய சாலைகளையே கைவிட்டு ஹெலிகாப்டரிலும் படகிலும் ஆட்களைக் கொண்டுபோகத் தொடங்கின.

வானத்தில் போனால், கடலுக்குள்ளே வெகுதூரம் போய்விட்டால் பயமில்லை என்று நினைத்த காலமும் இருந்தது. பொங்கா என்பது நைஜீரியக் கரையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி, ஆழ்கடலில் உள்ள எண்ணெய் வயல். மிதக்கும் கப்பல் ஒன்றில் எண்ணெயைச் சேர்க்கிறார்கள். அவ்வளவு தொலைவுக்குச் சிறு படகில் யார் வருவார்கள் என்று இருந்தார்கள். 2008 ஜூன் 19ஆம் நாள் விடியுமுன் படகுகளில் வந்துவிட்டார்கள். அன்றைக்கு நாளொன்றுக்கு 2 இலட்சம் பீப்பாய் உற்பத்தி நின்றுபோனது. அருகிலிருந்த மற்றொரு கப்பலிலிருந்து அமெரிக்கர் ஒருவரையும் கொண்டுபோனார்கள்; பிறகு விட்டுவிட்டார்கள்.

இன்னொன்று அண்மையில் நடந்தது. தலைநகர் அபுஜாவிலிருந்து கடூனா என்ற நகருக்குப் போகும் நெடுஞ்சாலை, ஆட்கடத்தலுக்குப் பெயர் போனது. 2016இல் அந்த இரு நகரங்களுக்கும் இடையே புதிய இரயில் ஓடத் தொடங்கியது. வசதி உள்ளவர்கள் எல்லாரும் சாலையை விட்டு இரயிலுக்கு மாறினார்கள். நிறுவனத்து ஆட்களும் அரசு அலுவலர்களும் இரயில்தான் பாதுகாப்பு என்றார்கள். சரிதான், சில ஆண்டுகள் அது பாதுகாப்பாகவும் இருந்தது. 2022 மார்ச் 28ஆம் நாள் இரவு, தண்டவாளத்தில் வெடி வைத்து அந்த இரயிலை நிறுத்திச் சுட்டார்கள். பயணிகளில் குறைந்தது எட்டுப் பேர் இறந்தார்கள். அறுபதுக்கு மேற்பட்டோரைக் காட்டுக்குள் நடத்திப்போனார்கள். கடைசியாக எஞ்சியிருந்தவர்கள் அக்டோபர் மாதத்தில்தான் வீடு திரும்பினார்கள். காசுள்ளவர் எல்லாரும் ஒரே இரயிலில், குறித்த நேரத்தில், குறித்த பாதையில் போகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கொள்ளைக்காரனுக்கும் தெரிந்திருந்தது.

ஆகவேதான் விவரம் தெரிந்த பாதுகாப்பு அலுவலர்கள் 'வழக்கம்' என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள். தினமும் ஏழரை மணிக்கு, அதே வாசல், அதே பாதை, வெள்ளிக்கிழமை மாலை அதே உணவுக்கடை என்று இருப்பவரைத்தான் பார்த்து வைத்துக்கொள்வது எளிது. கடத்துகிறவர்கள் பெரும்பாலும் முன்கூட்டியே கவனித்துவிட்டுத்தான் வருகிறார்கள். கவனித்துச் சொல்கிறவர் அதே வளாகத்தில் சம்பளம் வாங்குகிறவராகவும் இருக்கலாம். அவர் ஏன் சொல்கிறார் என்பதற்குப் பணத்தைத் தவிர வேறு காரணங்களும் இருக்கக்கூடும். வெளிநாட்டவருக்குத் தனிச் சாப்பாட்டு மண்டபம், அதே வேலைக்கு உள்ளூர்க்காரருக்குச் சிறு கூலி, மரியாதையில்லாத பேச்சு... தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டுமா?

முகாமுக்குள் உள்ள முக்கியமான ஏற்பாடு என்னவென்று கேட்டால், சுற்றிலும் உள்ள இரும்பு வேலியைச் சொல்வார்கள். நாம் அதைவிடப் பெரட்டைச் சொல்வோம். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆளெண்ணிப் பெயர் கூப்பிடுவது நம் பாட்டன் காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த காரியம். அங்கே அது வேலைக் கணக்குக்காக நடந்தது. எண்ணெய் முகாமில் உயிர்க் கணக்குக்காக நடக்கிறது. அபாயச் சங்கு ஊதினால் எல்லாரும் குறித்த இடத்தில் கூட வேண்டும், அல்லது குறித்த அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்க வேண்டும். யார் இருக்கிறார், யார் இல்லை என்று சில நிமிடங்களில் தெரிந்துவிட வேண்டும். நேற்று இரவு வந்து சேர்ந்த துணை ஒப்பந்தக்காரரின் ஆள் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா? இங்கேதான் அடிக்கடி ஓட்டை விழுகிறது. பட்டியலில் பெயர் இல்லாதவரை யாரும் தேடமாட்டார்கள்.

எண்ணெய் நாடுகளில் ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கு நேரக்கூடியதை எண்ணும்போது, நைஜீரியாவை விட்டு ஒரு நிமிடம் வடக்கே, சகாரா பாலைவனத்துக்குப் போகத்தான் வேண்டும். அல்ஜீரியா நாட்டில், லிபியா எல்லைக்கு அருகே, இன் அமெனாஸ் என்ற இடத்தில் பெரிய எரிவாயு நிலையம் இருக்கிறது. 2013 ஜனவரி 16ஆம் நாள் விடியுமுன், விமான நிலையத்துக்குப் புறப்பட்ட பேருந்தையும், தொழிலாளர் குடியிருப்பையும், நிலையத்தையும் ஆயுதக் குழு தாக்கியது. நான்கு நாட்கள் அந்த முற்றுகை நீடித்தது. பல நாடுகளைச் சேர்ந்த 40 பேர் மாண்டார்கள். ஜப்பானிய ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர்களே அவர்களில் பலர். நம் மலேசியர் இருவரும் அங்கேதான் உயிர் விட்டார்கள். சங்கை ஊதி மற்றவர்களை எச்சரித்த அல்ஜீரியக் காவலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். பலர் தப்பியதற்கு அந்தச் சங்கு ஒரு காரணம். பின்னர், பங்குதாரர்களில் ஒன்றான நார்வே நாட்டு நிறுவனம் விசாரணை அறிக்கை ஒன்றைப் பகிரங்கமாக வெளியிட்டது. வெளியே இராணுவம் காக்கிறது என்ற நம்பிக்கையில் உள்ளே செய்ய வேண்டியதைக் குறைவாகச் செய்திருந்தார்கள் என்பது அதன் சாரம். இராணுவம் இருந்தது, ஆனால் அன்றைக்கு வந்தவர்களை அது தடுக்கவில்லை.

மீண்டும் நைஜீரியாவுக்கு வருவோம். கடத்தலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் உண்மையான கணக்கு தவறிப்போகும். எண்ணெய்த் தொழிலில் பல்லாண்டுகளாக அதிக உயிரைக் குடித்துவந்தது சாலை விபத்துதான் என்று தொழில் அமைப்புகளே கூறிவந்துள்ளன. ஆகவே, குண்டு துளைக்காத கண்ணாடியைப் பற்றிக் கேட்பவர் பின் இருக்கையில் வார்ப்பட்டை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஓட்டுநர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதையும் கேட்க வேண்டும்.

மற்றொன்று மலேரியா. உலகத்து மலேரியா நோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் நைஜீரியாவில்தான் இருக்கிறார்கள். இந்த நோயை நம் தோட்டத்து மூத்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். காடு வெட்டிய காலத்தில் எத்தனை குடும்பம் குளிர்க்காய்ச்சலில் அழிந்தது! 1901இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியவைத்துக் காட்டிய பிறகுதான் வழி பிறந்தது. நாம் இப்போது அதை மறந்துவிட்டோம்; நம் இளைஞரின் உடம்புக்கு அதை எதிர்க்கும் பழக்கம் இல்லை. நிறுவனம் கொடுக்கும் தடுப்பு மாத்திரையை ஊருக்கு வந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை தவறாமல் விழுங்க வேண்டும். விடுமுறைக்கு வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால், சாதாரண ஃபுளூ என்று வீட்டில் படுக்க வைக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோய், "இவர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர், மலேரியாவா என்று இரத்தத்தைப் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இங்கேயுள்ள மருத்துவருக்கு அது உடனே தோன்றாமல் போகலாம். அங்கே வரும் மலேரியா ஓரிரு நாளில் மூளையைப் பிடிக்கும் வகை.

கடலில் வேலை செய்பவருக்குக் கடற்கொள்ளையரின் தொல்லையும் உண்டு. உலகக் கடற்கொள்ளைச் செய்திகளைத் திரட்டும் நிலையம் 1992 முதல் நம் கோலாலம்பூரிலேயே இயங்கி வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. அதன் கணக்குப்படி, 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் கடத்தப்பட்ட 135 கப்பல் ஊழியர்களில் 130 பேர் நைஜீரியா அமைந்துள்ள கினி வளைகுடாவில் பிடிபட்டவர்கள். அதன்பின் எண்ணிக்கை இறங்கியிருக்கிறது.

இனி, முதலில் சொன்ன ஒப்பந்தத் தாளுக்கு வருவோம். நம் பழைய மாணவர் ஒருவர், வெல்டிங் வேலைகளைச் சோதிப்பவர், இப்படி ஒரு தாளைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு பக்கம். அதில் வேலையை இடையில் விட்டால் எவ்வளவு வெள்ளி பிடிப்பார்கள் என்பது இரண்டு பக்கத்துக்கு இருந்தது. விமான நிலையத்தில் யார் வந்து அழைத்துப்போவார்கள் என்பது ஒரு வரிகூட இல்லை. அவரை அனுப்பியது எண்ணெய் நிறுவனம் அன்று. அதன் ஒப்பந்தக்காரரின் துணை ஒப்பந்தக்காரர். எண்ணெய் நிறுவனத்தின் ஊழியருக்கு ஹெலிகாப்டர் இருக்கலாம், காவல் உள்ள குடியிருப்பு இருக்கலாம், இருபத்து நான்கு மணி நேரமும் பேசக்கூடிய எண் இருக்கலாம். அதே குழாயில் வேலை செய்யும் துணை ஒப்பந்தக்காரரின் ஆள் வாடகைக் காரில் போய், நகரத்து விடுதியில் தங்கலாம். ஆபத்து இருவருக்கும் ஒன்று, காவல் ஒன்றல்ல.

அந்த மாணவருடன் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். வரவேற்பவர் யார்? தங்குமிடம் எண்ணெய் நிறுவனத்தின் வளாகத்துக்கு உள்ளா, வெளியா? ஆபத்து வந்தால் ஆட்களை வெளியேற்றும் திட்டத்தில் என் பெயர் உண்டா, விமானச் செலவு யாருடையது? காப்புறுதிப் பத்திரத்தில் போரும் கலவரமும் கடத்தலும் விலக்கப்பட்டிருக்கின்றனவா? எனக்கு ஏதாவது நேர்ந்தால் என் வீட்டுக்குப் பேசப்போகிறவர் யார், அவர் எந்த மொழியில் பேசுவார்? கடைசிக் கேள்வியைப் படித்து அலுவலகத்தில் சிரித்தார்களாம். சிரிக்கட்டும். நள்ளிரவில் தொலைபேசி மணி அடிக்கும்போது அதை எடுக்கப்போவது தமிழைத் தவிர வேறு மொழி அறியாத ஒரு தாயார். பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. வந்த பதிலில் முதல் நான்குக்கு விடை இருந்தது. அவர் போனார். போய்த் திரும்பியும் வந்தார்.

ஒரு வழியில் இப்போது இந்தக் கேள்விகளை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. பெரிய வெளிநாட்டு நிறுவனங்கள் கழிமுகத்தின் நிலப்பகுதியை விட்டு ஆழ்கடலுக்கு நகர்ந்து வருகின்றன. ஷெல் நிறுவனம் அங்கே கரையில் தனக்கிருந்த கிளை நிறுவனத்தை 2025 மார்ச்சில் ரெனசான்ஸ் என்னும் கூட்டமைப்புக்கு விற்று முடித்தது. உள்நாட்டார் கைக்கு வயல்கள் வருவதில் நியாயம் உண்டு. அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் முதலாளி மாறும்போது பாதுகாப்பு ஏற்பாடும் அப்படியே தொடர்கிறதா என்பதைப் போகிறவர்தான் புதிதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். 2021இல் நைஜீரியா இயற்றிய பெட்ரோலியத் தொழில் சட்டம், நிறுவனங்கள் தம் ஆண்டு நடைமுறைச் செலவில் நூற்றுக்கு 3 பங்கை எண்ணெய் எடுக்கும் ஊர்களின் அறநிதிக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. அந்தப் பணம் ஒழுங்காகப் போய்ச் சேரும் ஊரின் வழியே போகும் வண்டி, எந்தக் காவல் வண்டியைவிடவும் நன்றாகப் போகும் என்பது நம் எண்ணம்.

ஓட்டுநரைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டவரை ஏற்றிப்போகும் வண்டியை ஓட்டுகிறவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர். எந்தச் சோதனைச் சாவடி உண்மையானது, எது நேற்று முளைத்தது என்பதை அவர் கண் அறியும். சந்தை ஏன் இன்று வெறிச்சோடிக் கிடக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் ஏன் சாலையில் இல்லை என்பதை அவர்தான் முதலில் கவனிப்பார். "ஐயா, இன்றைக்கு இந்தப் பாதை வேண்டாம்" என்று அவர் சொன்னால், கடிகாரத்தைப் பார்த்து முறைக்காமல் திரும்பிவிட வேண்டும். வண்டியை மறித்தால் வெளிநாட்டவருக்குப் பிணைப் பணம் கேட்பார்கள். அவருக்காகப் பேரம் பேச நிறுவனமும் காப்புறுதிக்காரரும் இருப்பார்கள். ஓட்டுநருக்கு யார் இருக்கிறார்கள்? அவருடைய பெயரையும் அவர் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் பயணத் தாளில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறும்படி, போகிற மாணவர்களிடம் நாம் சொல்லி வருகிறோம்.

கடைசியாக, நேயர்கள் பலர் கடிதத்தில் கேட்கும் ஒரு விவரம். நைஜீரியாவுக்குப் போகிறவர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு, அதற்குரிய சர்வதேசச் சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும். பயணத்துக்குக் குறைந்தது 10 நாளுக்கு முன்பே ஊசி போட வேண்டும். அதற்கு முன் அந்தச் சான்றிதழ் செல்லாது. அங்கே இறங்கும்போது கேட்கக்கூடும். திரும்பி வரும்போது நம் நாட்டிலும் கேட்பார்கள். ஆகவே அதைப் பெட்டிக்குள் அடியில் வைத்துவிடாமல் கடப்பிதழோடு சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.